வீட்டுக்கு ஒரு சர்வர்!

பழைய சாமான்களைக் கொண்டே செய்யலாம். குடும்பப் படங்களைக் காப்பாற்றலாம்

"சர்வர்" என்றதும் யார் நினைவுக்கு வருவார்? "என்ன சார் வேண்டும்?" என்று கேட்டபடி மேசை அருகே வந்து நிற்கும் ஓட்டல் சர்வர்தான். 1964-ம் ஆண்டில் வெளிவந்த "சர்வர் சுந்தரம்" படத்தில், நாகேஷ் கோபுரம் போல் டம்ளர்களை அடுக்கி ஏந்தி வந்த காட்சியை யார் மறப்பார்?

இங்கே சொல்லப்போகும் சர்வர் வேறு. இது ஒரு பெட்டி. கணினிப் பெட்டி. ஆனால் செய்யும் வேலை அதேதான். கேட்பவர் கேட்டதை எடுத்து வந்து கொடுப்பதே அதன் வேலை.

வீட்டில் அப்பாவிடம் ஒரு செல்போன் இருக்கிறது. அம்மாவிடம் ஒன்று. மகளிடம் ஒரு மடிக்கணினி. கூடத்தில் ஒரு டெலிவிஷன். இவை எல்லாம் ஓட்டலுக்கு வந்த வாடிக்கையாளர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். "பாட்டியின் 80-ம் ஆண்டு விழாப் படம் வேண்டும்" என்று அம்மாவின் செல்போன் கேட்கும். மூலையில் இருக்கும் பெட்டி உடனே எடுத்துக் கொடுக்கும். "இந்தப் படத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்" என்று மகளின் மடிக்கணினி சொல்லும். பெட்டி வாங்கி வைத்துக்கொள்ளும். இரவும் பகலும் விழித்திருக்கும். சம்பளம் கேட்காது!

இப்படி ஒரு பெட்டியை வீட்டிலேயே, குறைந்த செலவில் செய்துகொள்ள முடியும். அதற்கு என்ஜினீயர் பட்டம் வேண்டியதில்லை. பொறுமையும் ஒரு திருப்புளியும் போதும்.

ஆனால் ஒரு கேள்வி. அப்படிப்பட்ட பெட்டி வீட்டுக்கு எதற்கு?

வெள்ளம் கற்றுக்கொடுத்த பாடம்

2015-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதியைச் சென்னைவாசிகள் மறக்க மாட்டார்கள். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. அடையாறு இரு கரையும் புரண்டு ஓடியது. கிண்டிக்கு அடுத்த ஈக்காட்டுத்தாங்கல், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை ஆகிய பகுதிகளில் இரவோடு இரவாக வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. 1958-ல் தொடங்கப்பட்ட கிண்டி தொழிற்பேட்டையும் தப்பவில்லை. பட்டறைகளில் இருந்த எந்திரங்கள் நீரில் மூழ்கின.

தண்ணீர் வடிந்த பிறகு மக்கள் வீடு திரும்பினார்கள். கட்டில் போயிருந்தது. பீரோவுக்குள் சேறு. ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ், நிலப் பத்திரம் எல்லாம் கூழாகிப் போயிருந்தன.

அரசு சிறப்பு முகாம்கள் நடத்தியது. தொலைந்த ஆவணங்களுக்கு நகல் கொடுத்தது.

ஆனால் கல்யாணப் படத்துக்கு எந்த முகாமில் நகல் கிடைக்கும்? மறைந்த தாத்தாவின் ஒரே ஒரு படத்துக்கு எந்த ஆபீசில் மனுப் போடுவது?

இன்று படங்கள் ஆல்பத்தில் இல்லை. செல்போனில் இருக்கின்றன. செல்போன் வெள்ளத்தில் போகலாம். பஸ்சில் திருடு போகலாம். மாடிப்படியில் கை தவறி விழலாம். அன்றைக்குப் பிள்ளையின் முதல் நடையும் பேத்தியின் மழலையும் அதோடு போய்விடும். பொருளை மறுபடி வாங்கலாம். படத்தை வாங்க முடியாது.

அதற்காகத்தான் வீட்டுக்கு ஒரு சர்வர்.

வாடகை வீடும் சொந்த வீடும்

"இன்டர்நெட் கம்பெனிகளிடம் கொடுத்து வைத்தால் போதாதா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

கூகுள் கம்பெனி ஒரு காலத்தில் படங்களை அளவில்லாமல் இலவசமாக வைத்துக்கொண்டது. 2021 ஜூன் 1-ந் தேதி முதல் அந்தச் சலுகை நின்றது. கடிதங்கள், படங்கள் எல்லாம் சேர்த்து 15 ஜி.பி. வரைதான் இலவசம் என்று ஆயிற்று. அதற்கு மேல் வைக்க வேண்டுமானால் பணம் கட்ட வேண்டும்.

இது வாடகை வீடு போன்றது. வாடகை வீட்டில் வசதி உண்டு. பழுது பார்க்கும் கவலை இல்லை. ஆனால் வாடகை கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டுக்காரர் விதியை மாற்றினால் நாமும் மாற வேண்டும். சொந்தப் பெட்டிக்கு ஒரு தடவை செலவு. பிறகு மின்சாரக் கட்டணம் மட்டுமே.

ஜி.பி. என்றால் என்ன? அது கொள்ளளவு. அரிசியைப் படியால் அளப்பதுபோல், கணினியில் உள்ளதை ஜி.பி.யால் அளக்கிறார்கள். 1,000 ஜி.பி. சேர்ந்தால் ஒரு டி.பி. செல்போனில் எடுக்கும் ஒரு படம் ஏறக்குறைய 4 எம்.பி. இருக்கும். ஒரு ஜி.பி.யில் இப்படி 250 படம் அடங்கும். அப்படியானால் ஒரு டி.பி.யில்? இரண்டரை லட்சம் படங்கள்! ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக்குப் போதும்.

தரமணியில் ஓர் அதிசயம்

"கடையில் சாமான் வாங்கிச் செய்த பெட்டி உருப்படியாக வேலை செய்யுமா?" என்ற சந்தேகம் வேண்டாம். கிண்டிக்குப் பக்கத்திலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது.

கிண்டியை அடுத்து ஐ.ஐ.டி. அதையும் தாண்டினால் தரமணி. அங்கே கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது. 1962-ல் தொடங்கப்பட்டது. அணுவுக்குள்ளே இருக்கும் நுண்துகள்களைப் பற்றி ஆராயும் விஞ்ஞானிகள் அங்கே இருக்கிறார்கள். அவர்களுடைய கணக்குகளைச் சாதாரணக் கணினியிடம் கொடுத்தால் ஆண்டுக் கணக்கில் போட்டுக்கொண்டே இருக்கும். அதற்கு வேண்டியது "சூப்பர் கம்ப்யூட்டர்." அதைக் கம்பெனியிடம் முழுசாக வாங்குவதென்றால் விலை எங்கேயோ போய்விடும்.

அவர்கள் என்ன செய்தார்கள்? சந்தையில் யாரும் வாங்கக்கூடிய கணினிகள் 144-ஐ வாங்கினார்கள். அவற்றை வலை போல் பின்னி இணைத்தார்கள். இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மென்பொருளை அதில் ஏற்றினார்கள். இமயமலைச் சிகரம் ஒன்றின் பெயரான "கப்ரு" என்பதை அதற்குச் சூட்டினார்கள். 2004 ஜூன் மாதம், உலகத்திலேயே வேகமான 500 கணினிகளின் பட்டியல் வெளிவந்தது. அதில் தரமணியின் கப்ருவும் இடம் பெற்றது!

இந்த வழியை 10 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் காட்டியிருந்தார், இல்லை, இருவர். 1994-ல் அமெரிக்காவின் நாசா நிலையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங், டொனால்ட் பெக்கர் என்ற இருவரும் 16 சாதாரணக் கணினிகளைச் சேர்த்துக் கட்டினார்கள். யானை ஒன்று இழுக்க வேண்டிய தேரை ஊர் கூடி இழுத்ததுபோல!

இன்னொரு கதையும் சுவையானது. 1996-ல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் இரண்டு மாணவர்கள் இருந்தார்கள். லாரி பேஜ், செர்ஜி பிரின் என்பது அவர்கள் பெயர். ஆராய்ச்சிக்கு நிறைய ஹார்ட் டிஸ்க் தேவைப்பட்டது. 4 ஜி.பி. டிஸ்க் பத்து சேர்த்தார்கள். அவற்றை வைக்கப் பெட்டி வேண்டுமே? குழந்தைகள் விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்கியே பெட்டி செய்துவிட்டார்கள்! அந்த ஆராய்ச்சிதான் பிறகு கூகுள் ஆயிற்று. அந்தப் பத்து டிஸ்க்கும் சேர்ந்து 40 ஜி.பி. இன்றைக்கு ஒரு சாதாரண செல்போனிலேயே அதைவிட அதிக இடம் இருக்கிறது.

என்னென்ன சாமான் வேண்டும்?

சமையலுக்கு மளிகைப் பட்டியல் எழுதுவதுபோல், சர்வருக்கும் ஒரு பட்டியல் எழுதிக்கொள்ளுங்கள்.

1. மதர்போர்டு: இது அஸ்திவாரம். மற்ற எல்லாச் சாமான்களும் இதன்மேல்தான் உட்காரும்.

2. பிராசசர்: இது மூளை. படத்தை எடுத்துக் கொடுப்பதற்குப் பெரிய மூளை தேவையில்லை. பத்து ஆண்டு பழையதே போதும்.

3. ராம்: சமையல் மேடை போன்றது. வேலை நடக்கும்போது சாமான்களைப் பரப்பி வைக்கும் இடம். மின்சாரம் நின்றால் மேடை காலியாகிவிடும். 4 ஜி.பி. இருந்தால் போதும். 8 ஜி.பி. இருந்தால் தாராளம்.

4. ஹார்ட் டிஸ்க்: இது பீரோ. வைத்தது வைத்தபடி இருக்கும். மின்சாரம் நின்றாலும் போகாது. உங்கள் படங்கள் வாழப்போவது இங்கேதான்.

5. எஸ்.எம்.பி.எஸ்.: சுவர்ப் பிளக்கில் வரும் 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கும் பெட்டி.

6. கேபினெட்டும் விசிறியும்: மேல்சட்டையும் காற்றோட்டமும்.

7. நெட்வொர்க் கேபிள்: பெட்டியை வீட்டு வை-பை கருவியோடு இணைக்கும் கயிறு.

கீபோர்டும் திரையும் முதல் நாள் மட்டும் வேண்டும். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கினாலும் போதும். பிறகு சர்வருக்கு அவை தேவையில்லை. செல்போனிலிருந்தும் மடிக்கணினியிலிருந்துமே அதனோடு பேசலாம்.

எங்கே மிச்சம் பிடிக்கலாம்? எங்கே கூடாது?

பிராசசர், மதர்போர்டு, ராம், கேபினெட் ஆகியவற்றைப் பழசாக வாங்கலாம். இவை பழசானாலும் உழைக்கும். கெட்டுப்போனாலும் உங்கள் படங்களுக்கு ஆபத்தில்லை. வேறு வாங்கி மாட்டிக்கொள்ளலாம்.

இரண்டு சாமான்களில் கஞ்சத்தனம் கூடாது. ஒன்று ஹார்ட் டிஸ்க். இன்னொன்று எஸ்.எம்.பி.எஸ். மலிவான எஸ்.எம்.பி.எஸ். ஒருநாள் புகைந்தால், மற்ற சாமான்களையும் உடன்கட்டை ஏற்றிவிடும். ஹார்ட் டிஸ்க் புதிதாக, உத்தரவாதச் சீட்டோடு வாங்குங்கள். பழைய டிஸ்க் வாங்கியே தீர வேண்டுமானால், அதனுடைய "ஸ்மார்ட்" கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். அந்த டிஸ்க் இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை இடம் பழுது என்று டிஸ்க்கே எழுதி வைத்திருக்கும் குறிப்பு அது. காட்ட மறுக்கும் கடைக்காரருக்கு ஒரு வணக்கம் போட்டு நகர்ந்துவிடுங்கள்.

ரிச்சி தெருவுக்கு ஒரு நடை

பழைய மோட்டார் சாமானுக்குப் புதுப்பேட்டை. கணினிச் சாமானுக்கு ரிச்சி தெரு. அண்ணா சாலையை ஒட்டி இருக்கிறது. கிண்டியில் மெட்ரோ ரெயில் ஏறி, அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போகலாம். சிறிய தெரு. ஆனால் கண்ணில் படாத சாமான் இல்லை. திருகாணி முதல் திரை வரை அங்கே உண்டு.

போகும் முன் பட்டியலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று கடையிலாவது விலை கேளுங்கள். பில் கேட்டு வாங்குங்கள். பழைய சாமானை வாங்கும்போது, கடையிலேயே மின்சாரம் கொடுத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

சாமான் சாமானாக வாங்கச் சிரமப்படுகிறவர்கள், கம்பெனிகள் கழித்துவிட்ட சிறிய மேசைக் கணினியை முழுசாகவே வாங்கலாம். அதில் புது ஹார்ட் டிஸ்க் மாட்டினால் வேலை முடிந்தது.

பரண்மேல் இருக்கிறதா, பாருங்கள்!

கடைக்குப் போகும் முன் வீட்டைத் தேடுங்கள். தமிழக அரசு 2011-ம் ஆண்டில் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. லட்சக்கணக்கான பிள்ளைகள் வாங்கினார்கள். படித்து முடித்து வேலைக்கும் போய்விட்டார்கள். அந்த மடிக்கணினிகளில் பல இன்று பரண்மேல் தூங்குகின்றன. அதை எழுப்பிச் சர்வர் வேலைக்குச் சேர்க்கலாம்!

மடிக்கணினியில் ஒரு தனி வசதி உண்டு. மின்சாரம் நின்றாலும் பேட்டரி சிறிது நேரம் தாங்கும். ஆனால் ஓர் எச்சரிக்கை. பேட்டரி உப்பியிருந்தால் உடனே கழற்றிவிட வேண்டும். உப்பிய பேட்டரி தீப்பிடிக்கக்கூடியது. அதைக் குத்தவும் கூடாது, குப்பையில் போடவும் கூடாது. மின்சாதனக் கழிவு வாங்குகிற இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

பூட்டும் முறை

மேசைமேல் செய்தித்தாளை விரியுங்கள். மின்சார இணைப்பு எதுவும் இருக்கக் கூடாது. சாமானைத் தொடும் முன், பெயின்ட் அடிக்காத இரும்பு எதையாவது ஒருமுறை தொடுங்கள். உடம்பில் தேங்கியுள்ள நிலைமின்சாரம் இறங்கிவிடும். அந்தச் சிறு மின்சாரம் நமக்குத் தெரியாது. ஆனால் ராமைக் கொன்றுவிடும்.

முதலில் பிராசசர். அதன் ஒரு மூலையில் சிறு முக்கோண அடையாளம் இருக்கும். மதர்போர்டிலும் அதே அடையாளம் உண்டு. இரண்டையும் பொருத்தி, மெதுவாக வையுங்கள். அழுத்தக் கூடாது. அதன்மேல் சூடு கடத்தும் பசையைப் பட்டாணி அளவு வைத்து, விசிறியைப் பொருத்துங்கள்.

அடுத்தது ராம். அதில் ஒரு வெட்டு இருக்கும். அதைப் பார்த்து நேராக வைத்து அழுத்தினால், "கிளிக்" என்று ஓசை வரும். பிறகு மதர்போர்டைக் கேபினெட்டில் திருகுங்கள். ஹார்ட் டிஸ்க்கை அதன் இடத்தில் வையுங்கள். கடைசியாக எஸ்.எம்.பி.எஸ். கம்பிகள். ஒவ்வொரு முனையும் ஒரே பக்கமாகத்தான் நுழையும். நுழையவில்லையா? திருப்பிப் பாருங்கள். பலாத்காரம் உதவாது.

பள்ளிப் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைச் செய்யலாம். கணினி என்றால் மாயப்பெட்டி என்ற எண்ணம் அன்றே போய்விடும்.

காசில்லாமல் கிடைக்கும் மென்பொருள்

பெட்டி உடம்பு. மென்பொருள் உயிர். உயிருக்கு இங்கே விலை இல்லை!

1991-ல் பின்லாந்தைச் சேர்ந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் லினக்சை எழுதத் தொடங்கினார். அதை யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், மற்றவருக்குக் கொடுக்கலாம் என்று விட்டார். உலகம் முழுவதும் உள்ளவர்கள் சேர்ந்து வளர்த்தார்கள். லினக்சில் "டெபியன்" என்று ஒரு வகை உண்டு. வீட்டுச் சர்வருக்கு அது ஏற்றது. சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய "பாஸ்" என்ற இந்திய லினக்சும் டெபியனிலிருந்து வந்ததுதான்.

டெபியனை இன்டர்நெட்டிலிருந்து ஒரு பென் டிரைவில் இறக்கிக்கொள்ள வேண்டும். பென் டிரைவைப் பெட்டியில் செருகி ஓட்டினால், அது கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே போகலாம். பிறகு தேவைக்கேற்ப உதவியாளர்களைச் சேர்த்துக்கொள்ளலாம்.

"சம்பா" வீட்டில் உள்ள எல்லாக் கணினிகளுக்கும் பொதுப் பீரோவைத் திறந்துவிடும். "நெக்ஸ்ட்கிளவுட்" செல்போனில் எடுக்கும் படங்களைத் தானாகவே பெட்டியில் கொண்டுபோய்ச் சேர்க்கும். "ஜெல்லிஃபின்" கல்யாண வீடியோவை டெலிவிஷனில் போட்டுக் காட்டும்.

"கிவிக்ஸ்" என்று ஒன்று உண்டு. பிள்ளைகளுக்கு அது ஒரு வரப்பிரசாதம். தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் பெட்டிக்குள் வைத்துக்கொள்ளலாம். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள். அதன்பின் இன்டர்நெட் இல்லாவிட்டாலும் படிக்கலாம். புயல் நாளில் ஊரெல்லாம் தொடர்பு அறுந்து கிடந்தாலும், வீட்டுக்குள் நூலகம் திறந்திருக்கும்.

கரண்டு பில் என்ன ஆகும்?

இல்லத்தரசிகள் கேட்க நினைப்பது இதுதான். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பழைய பெரிய மேசைக் கணினி 60 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுவதும் ஓடினால் ஏறக்குறைய 1.4 யூனிட். இரண்டு மாதத்துக்கு 86 யூனிட்! 2016-ல் தமிழக அரசு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட்டை இலவசமாக்கியது. அந்த அளவில் பெரும் பங்கை இந்தப் பெட்டி ஒன்றே விழுங்கிவிடும்.

பழைய மடிக்கணினி 20 வாட் இழுத்தால், இரண்டு மாதத்துக்கு 29 யூனிட். கைப்பெட்டி அளவு சிறு கணினி 10 வாட் இழுத்தால் 14 யூனிட்தான். 2012-ல் இங்கிலாந்திலிருந்து 35 டாலர் விலையில் வெளிவந்த "ராஸ்பெரி பை" போன்ற உள்ளங்கை அளவுக் கணினிகளும் குறைவாகவே மின்சாரம் குடிக்கும்.

ஆகவே, இலவசமாகக் கிடைக்கிறதே என்று பெரிய பெட்டியை ஏற்றுக்கொள்ள வேண்டாம். கொடுத்த பசுவுக்குப் பல்லைப் பார்க்காவிட்டாலும், தின்னும் தீவனத்தைப் பாருங்கள்!

எங்கே வைப்பது?

தரையில் வைக்கக் கூடாது. கிண்டிப் பக்கத்து மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மார்பு உயரத்தில் ஓர் அலமாரித் தட்டு நல்லது. பரணும் கூடாது. அக்கினி நட்சத்திர வெயிலில் பரண் அடுப்பாகிவிடும். காற்று வந்து போகும் இடம் வேண்டும். எர்த் உள்ள மூன்று முனைப் பிளக் வேண்டும்.

திடீரென்று மின்சாரம் நின்றால், டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருந்தது பாதியில் நின்று கெட்டுப்போகலாம். எழுதும் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கியதுபோல! ஆகவே ஒரு சிறிய யு.பி.எஸ். மாட்டுங்கள்.

சுவிட்சின்மேல் ஒரு சீட்டும் ஒட்டுங்கள். இது வேடிக்கை இல்லை. 1990-ல் சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உலகின் முதல் வலைச் சர்வரை ஓட்டினார். யாராவது தெரியாமல் அணைத்துவிடப் போகிறார்கள் என்று பயந்து, "இது சர்வர், அணைக்காதீர்கள்" என்ற கருத்தில் சிவப்பு மையில் எழுதி ஒட்டினார். உலகப் புகழ்பெற்ற விஞ்ஞானிக்கே சீட்டு தேவைப்பட்டது. நம் வீட்டுக்கும் தேவைதான்.

இரட்டை டிஸ்க் போதுமா?

"இரண்டு டிஸ்க் மாட்டி, இரண்டிலும் ஒரே சமயத்தில் எழுதினால் என்ன?" என்று கேட்கலாம். நல்ல யோசனை. இதற்கு "ரெய்டு" என்று பெயர். 1988-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இந்த முறையை விளக்கிக் கட்டுரை வெளியிட்டார்கள். மலிவான பல டிஸ்க்குகளைச் சேர்த்து விலையுயர்ந்த பெரிய டிஸ்க்கின் வேலையை வாங்கலாம் என்பதே அவர்கள் சொன்னது. ஒரு டிஸ்க் செத்தாலும் மற்றொன்று காப்பாற்றும்.

ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. தவறுதலாகப் படத்தை அழித்துவிட்டால், இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழியும். வெள்ளம் வந்தால் இரண்டும் ஒன்றாக மூழ்கும். திருடன் பெட்டியைத் தூக்கினால் இரண்டும் சேர்ந்தே போகும்.

1998-ல் அமெரிக்க சினிமா கம்பெனியான பிக்சாரில் நடந்ததைக் கேளுங்கள். "டாய் ஸ்டோரி 2" என்ற பொம்மைப் படம் தயாராகிக்கொண்டிருந்தது. யாரோ தவறான கட்டளை ஒன்றைக் கொடுத்துவிட்டார். படத்தின் பெரும்பகுதி கண்ணெதிரே மறைந்தது! சேமித்து வைத்த நகலை எடுத்துப் பார்த்தார்கள். அதுவும் சரியாக இல்லை. எல்லோரும் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்கள்.

அப்போது கேலின் சுஸ்மன் என்ற பெண் அதிகாரிக்கு நினைவு வந்தது. அவர் குழந்தை பெற்றிருந்ததால் வீட்டிலிருந்தே வேலை பார்த்தவர். அவர் வீட்டுக் கணினியில் ஒரு நகல் இருந்தது! அந்தப் பெட்டியைப் போர்வையில் சுற்றி, கைக்குழந்தையைப் போல் காரில் வைத்துக் கொண்டுவந்தார்கள். படம் பிழைத்தது. 1999-ல் வெளிவந்தது.

பெரிய கம்பெனியின் படத்தைக் காப்பாற்றியது எது? வேறோர் இடத்தில், ஒரு தாயின் வீட்டில் இருந்த நகல்!

மூன்று நகல், இரண்டு சாதனம், ஓர் அயலூர்

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் 2005-ல் ஒரு புத்தகம் எழுதினார். "3-2-1" என்ற விதியைப் பரப்பியவர் அவரே. எந்தப் படமானாலும் மூன்று நகல் இருக்க வேண்டும். அவை இரண்டு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். அவற்றில் ஒன்று வேறோர் இடத்தில் இருக்க வேண்டும்.

இதைக் கடைப்பிடிப்பது கடினமா? இல்லவே இல்லை. முதல் நகல் செல்போனில். இரண்டாவது, வீட்டுச் சர்வரில். மூன்றாவது, தனியாக ஒரு யு.எஸ்.பி. ஹார்ட் டிஸ்க்கில். அந்த மூன்றாவதை வீட்டில் வைக்காதீர்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது எடுத்துச் செல்லுங்கள். மதுரையில் இருக்கும் அக்கா வீட்டுப் பீரோவில் வையுங்கள். அக்காவின் படங்களை உங்கள் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அடையாறு பெருகினால் வைகைக் கரையில் நகல் இருக்கும். வைகை பெருகினால் இங்கே இருக்கும்.

ஆண்டுக்கு ஒருமுறை நகலைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நம்ப முடியாது. பிக்சார் கற்ற பாடம் அது.

இரண்டு எச்சரிக்கைகள்

வை-பை கருவியோடு வந்த ரகசியச் சொல்லை முதல் நாளே மாற்றிவிடுங்கள். பிறந்த தேதியையும் செல்போன் எண்ணையும் ரகசியச் சொல்லாக வைக்காதீர்கள்.

வெளியூரிலிருந்தும் படத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில், பெட்டியை இன்டர்நெட்டுக்கு நேரே திறந்துவிடாதீர்கள். தெருக்கதவைத் திறந்துபோட்டுவிட்டுத் தூங்குவதற்கு அது சமம். விஷயம் தெரிந்தவர் துணையோடு பாதுகாப்பான வழியை ஏற்படுத்தும்வரை, சர்வர் வீட்டுக்குள் மட்டும் வேலை பார்க்கட்டும். மென்பொருளுக்கு வரும் திருத்தங்களைத் தவறாமல் ஏற்றுங்கள்.

இன்றே தொடங்கலாம்

1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கி, 1920-ல் கிண்டிக்கு வந்த பொறியியல் கல்லூரி, தலைமுறை தலைமுறையாக என்ஜினீயர்களை உருவாக்கி வருகிறது. பக்கத்து ஐ.ஐ.டி.யில் "சக்தி" என்ற பெயரில் பிராசசரையே வடிவமைத்திருக்கிறார்கள். 2018-ல் அந்தப் பிராசசரில் லினக்ஸ் ஓடியது. கணினி என்பது எங்கிருந்தோ வரும் பொருள் என்ற காலம் மலையேறி வருகிறது.

எல்லோரும் பிராசசர் செய்ய முடியாது. ஆனால் நாலு சாமானைச் சேர்த்து ஒரு பெட்டி கட்ட எல்லோராலும் முடியும். பெட்டி கட்டும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஒரு யு.எஸ்.பி. டிஸ்க் இருந்தால், செல்போனில் உள்ள படங்களை இன்று மாலையே அதில் நகல் எடுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பரண்மேல் ஏறிப் பழைய மடிக்கணினியைத் தேடுங்கள்.

பாட்டன் சொத்தாக நிலம் இல்லாமல் இருக்கலாம். பாட்டன் முகமாவது பேரப்பிள்ளைகளுக்கு மிஞ்ச வேண்டாமா?